எட்டு மூன்றுக்கு வருபவர்

முப்பது நாளும் அதே ஆள்தான் முதலில் வரப்போகிறார். எட்டு மணி மூன்று நிமிடத்துக்கு. இரண்டாவது ஆள் எட்டு ஐந்துக்கு. அதன்பிறகு ஒன்பது நிமிடம் ஈ காக்காய் இருக்காது. ஜன்னலுக்குள் இருப்பவர்கள் காது குடையலாம். முப்பது நாளும் அதே ஒன்பது நிமிடம். இந்த அறையில் இது எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் சொல்லவே மாட்டேன்.

"கமா, அந்த லைட்டைக் கொஞ்சம் அணைம்மா" என்றார் சார்.

அவள் எழுந்துபோய் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

திரையில், அவளோடு அதே சாரிடம் பயிற்சியிலிருந்த கோல்டின் வரைபடம் பளிச்சென்று தெரிந்தது. முப்பது கோடுகள், ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொண்டதுபோல் நெருக்கமாக. ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு கொடுக்கும் ஜன்னல்கள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தால் ஒரு நோயாளி எவ்வளவு நேரம் காத்திருப்பார்? பதினோரு நிமிடம். கூடக்குறைய ஒரு நிமிடம்.

"பாருங்க, எப்படி ஒட்டிக்கிட்டு வருது!" சார் மேசையைத் தட்டினார். "இவ்வளவு இறுக்கமான முடிவை நான் பன்னெண்டு வருஷத்துல பார்த்ததில்ல."

இறுக்கம்தான் சார், என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். கழுத்தில் விழுகிற சுருக்குகூட இறுக்கமாகத்தான் இருக்கும்.

எட்டு வாரம் நடக்கும் கோடைக்கால ஆராய்ச்சிப் பயிற்சி அது. பயன்பாட்டுக் கணிதம் படிக்கும் இளநிலை மாணவர்களில் இருபது பேரைப் பல கல்லூரிகளிலிருந்து பொறுக்கியெடுத்து, இரண்டிரண்டு பேராக ஒரு பேராசிரியரிடம் ஒப்படைப்பார்கள். எட்டாம் வாரம் வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னாலும் பேச வேண்டும். பிறகு அறிக்கைகள் தொகுப்பாக அச்சாகும். மேற்படிப்பு விண்ணப்பத்தில் 'வெளியான ஆய்வுகள்' என்று ஒரு கட்டம் உண்டு. பெரிய கல்லூரிக்காரர்களுக்கு அந்தக் கட்டத்தை நிரப்ப ஆயிரம் வழி. அவளுடைய கல்லூரியில் கணிதத் துறைக்கு மொத்தமே இரண்டு அறைகள். ஒன்றில் பழைய நாற்காலிகள். அந்தக் கட்டத்துக்குள் அவள் எழுதக்கூடியதாக வாழ்க்கையில் இந்த ஒரு அறிக்கைதான் இருந்தது.

முதல் நாள் அவள் எழுதிய நிரல் ஒரு கமா விட்டுப்போனதால் நின்றுபோனது. பிழையைக் கண்டுபிடிக்கும்வரை ஆய்வகம் முழுதும் காத்திருந்தது. அன்றிலிருந்து அவள் கமா. கோல்டுக்கு அந்தச் சிரமமெல்லாம் இல்லை. பள்ளியிலிருந்து வாங்கிய தங்கப் பதக்கங்களை அவனே வரிசையாகச் சொல்லித் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டதால் பெயர் தானாக ஒட்டிக்கொண்டது.

ஆஸ்பத்திரிக்குப் போனது அவள்தான். பதினேழாம் எண் பஸ்ஸில், ஒன்பது காலைகள், கையில் நிறுத்தற்கடிகாரத்தோடு. யார் எப்போது வரிசையில் சேர்ந்தார்கள், ஜன்னலில் எத்தனை நிமிடம் நின்றார்கள் என்று ஆள் ஆளாகக் குறித்தாள். கோல்டுக்கு மருந்து வாடை ஒத்துக்கொள்ளாது. மூன்றாவது நாள், மூன்றாம் ஜன்னலில் இருந்த அம்மா தன் காலுக்குக் கீழே வைத்திருந்த முக்காலியை வெளியே நீட்டினார்.

"உட்காரு கடிகாரப் பொண்ணு. உன்னைப் பார்த்தா எனக்கே கால் வலிக்குது. எங்களைக் கணக்கெடுத்து என்ன பண்ணப் போறே?"

"வரிசையைச் சின்னதாக்கப் போறோம்மா."

"ஆக்கு, ஆக்கு. அதுக்குள்ள எனக்கு ரிடையர் வயசு வந்துடும்."

நிரலை எழுதியதும் அவள்தான். ஆறாம் வாரம் காய்ச்சல் வந்து ஐந்து நாள் விடுதிக் கட்டிலில் கிடந்தாள். எழுந்து வந்தபோது அறிக்கையின் முதல் பக்கத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன, சாரும் கோல்டும். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் நன்றி: விவரம் சேகரிக்க உதவியவர். அதில்கூட அவள் பெயரில் ஓர் எழுத்து தப்பாக இருந்தது.

அன்றே சாரின் அறைக்குப் போனாள்.

"ப்ரோகிராம் நான் எழுதினது சார்."

"யாரும்மா இல்லேன்னது?" அவர் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். "ஆனா ப்ரோகிராம் எழுதறதுங்கறது டைப்பிங் மாதிரி. ஆராய்ச்சின்னா ஐடியா. நீ இன்னும் சின்னப் பொண்ணு, போகப் போகப் புரியும். காய்ச்சல் விட்டுடுச்சா? நல்லா சாப்பிடு."

அந்த 'நல்லா சாப்பிடு'வைத்தான் அவளால் செரிக்கவே முடியவில்லை.

ஏழாம் வாரம் வியாழக்கிழமை. கோல்டு வெளியே போயிருந்த நேரத்தில் அவன் கணினியில் தன் நிரலைத் திறந்து பார்த்தாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. ஒருவேளை, பெற்ற பிள்ளையை அடுத்த வீட்டில் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று எட்டிப்பார்க்கும் ஆசையாக இருக்கலாம். முதல் வரியில் இருந்த அவளுடைய பெயரும் தேதியும் போயிருந்தன. கணினி தாண்டிப் போய்விடும், மனிதர்கள் படிப்பதற்கென்று மட்டுமே எழுதிய குறிப்பு வரிகள் எல்லாமே போயிருந்தன. வழித்துத் துடைத்த தட்டுபோல் இருந்தது நிரல். இறங்கிக்கொண்டே வந்தவள் நாற்பதாவது வரியில் நின்றாள்.

அந்த நிரல் கணினிக்குள் ஒரு பொய் ஆஸ்பத்திரியை நடத்துகிறது. நோயாளிகள் எப்போது வருவார்கள், ஒவ்வொருவரும் ஜன்னலில் எவ்வளவு நேரம் எடுப்பார்கள் என்பதையெல்லாம் கணினி குலுக்கிப்போட்டுத் தீர்மானிக்கும். குலுக்கலைத் தொடங்கிவைக்க ஓர் எண்ணைக் கொடுக்கலாம். விதை எண் என்பார்கள். ஒரே விதையைக் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் குலுக்கல் அச்சுப் பிசகாமல் ஒரே மாதிரி விழும். இரண்டாம் வாரம் பிழை தேடிக்கொண்டிருந்தபோது, வருகிறவர்கள் மாறாமல் இருந்தால் தேடுவதற்கு வசதி என்று, வருகைக்கு மட்டும் அவளே ஒரு விதையைக் கொடுத்திருந்தாள். பஸ் எண்தான், பதினேழு. அதற்கு மேலே ஒரு குறிப்பு எழுதியிருந்தாள்: 'கவனம். சோதனைக்கு மட்டும். கடைசியாக ஓட்டுவதற்கு முன் கீழே உள்ள வரியை எடுத்துவிடவும்.'

குறிப்பு போய்விட்டது. கீழே உள்ள வரி அப்படியே இருந்தது.

ஆக, அவர்கள் முப்பது நாள் ஓட்டவில்லை. ஒரே நாளை முப்பது தடவை ஓட்டியிருக்கிறார்கள். அதுவும் கூட்டம் சீராக, மெதுவாக வருகிற ஒரு நல்ல நாள். அவள் பெயரை அழித்த கைதான் எச்சரிக்கையையும் அழித்திருந்தது.

சிரிப்பு வந்தது. பொத்திய கையையும் மீறி வந்தது. பக்கத்து மேசைப் பெண் திரும்பிப் பார்த்தாள். "ஜோக்கு" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய், தன்னிடமிருந்த பிரதியில் அந்த வரியை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தாள். இரண்டு ஜன்னல் என்றால் சராசரி முப்பத்து நான்கு நிமிடம். கெட்ட நாட்களில் ஒரு மணி பத்து நிமிடம். கோடுகள் பேய் பிடித்தவள் தலைமுடிபோல் விரிந்து கிடந்தன. அந்தப் படத்தை அச்செடுத்து நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலையிலிருந்த அக்காவிடம் மட்டும் போனில் சொன்னாள்.

"நேராப் போய் மூஞ்சிமேல சொல்லிட்டு வாடி. அது என்ன, மனசுக்குள்ள வெச்சுப் பொத்திப் பொத்தி வளர்க்கறே?"

"இப்ப சொன்னா உடனே சரி பண்ணிடுவாங்க. தேங்க்ஸ் கமான்னு சொல்லிட்டுப் போயிட்டே இருப்பாங்க."

"சரி, எப்பச் சொல்லுவே?"

"வெள்ளிக்கிழமை. எல்லார் முன்னாடியும்."

அந்தப் பக்கம் பில் இயந்திரம் கிர்ரென்று ஓடிய சத்தம் கேட்டது. "கணக்கு படிச்சா பழிகூட தேதி போட்டுத்தான் வாங்குவீங்களா?" என்றாள் அக்கா. சிரித்துவிட்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். அதே கேள்விதான். ஆனால் இது வயிற்றில் இறங்கியது.

அந்த நாட்களில் அவள் அவ்வளவு நல்லவளாக இருந்தாள். கோல்டுக்குக் காபி எடுத்துவந்து கொடுத்தாள். அவனுடைய தலைப்புகளின் எழுத்தளவைத் திருத்திக் கொடுத்தாள். திங்கட்கிழமை ஒத்திகையில் அவன் திக்கிய இடத்தில் சொல் எடுத்துக் கொடுத்தாள். "நீ தப்பா எடுத்துக்கலன்னு எனக்குத் தெரியும் கமா" என்று அவன் நெகிழ்ந்தபோது, "சே, அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேன்" என்றாள். குரல் துளியும் நடுங்கவில்லை. அவளுக்குத் தன்னைப் பார்த்துக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது, நிறையப் பிடித்தும் இருந்தது. இருபது வருடம் எல்லோரிடமும் நல்ல பெயர் வாங்கி என்ன கண்டோம் என்று தோன்றியது. மனதுக்குள் ஓர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது; அதில் குளிர் காய்ந்துகொண்டே தூங்கினாள், எழுந்தாள், பல் தேய்த்தாள்.

கேள்வியையும் தேர்ந்துவைத்திருந்தாள். எளிமையான கேள்வி. கணிதமே தெரியாதவருக்கும் புரிய வேண்டும். பாராட்டெல்லாம் முடிந்தபிறகு, கடைசியாகக் கேட்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை, அரங்குக்கு வெளியே தேநீர் மேசையருகே ஆஸ்பத்திரியின் நிர்வாக அதிகாரி நின்றிருந்தார். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே தேடும் ரகம். ஒன்பது நாளும் அவளுக்கு அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்.

"அட, நீயா? உங்க வேலை பிரமாதமாமே. உங்க சார் திங்கட்கிழமையே முடிவை அனுப்பிட்டார்."

"அனுப்பிட்டாரா மேடம்?"

"ரெண்டு ஜன்னலே போதும்னு. மூணாம் ஜன்னல் அம்மா ஒப்பந்த வேலைதானே. இந்த மாசத்தோட வர வேண்டாம்னு செவ்வாய்க்கிழமை சொல்லியாச்சு. பாவம், அழுதாங்க. ஆனா கணக்கு சொல்றப்ப நாம என்ன பண்ண முடியும், சொல்லு?" பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தார். "சாயங்காலம் நான் கையெழுத்துப் போட்டா முடிஞ்சது."

அவளுக்குக் கையிலிருந்த கோப்பையின் சூடு தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை. அன்று அவள் கோல்டின் தலைப்புகளுக்கு நீல நிறம் எடுக்குமா, பச்சை எடுக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமையே சொல்லியிருந்தால் திங்கட்கிழமை அந்த முடிவு போயிருக்காது. முக்காலியை நீட்டிய கை. அந்தக் கை கண்ணைத் துடைத்துக்கொண்டபோது, நான் என் அடுப்பில் குளிர் காய்ந்துகொண்டிருந்தேன்.

அப்போதே, அங்கேயே அதிகாரியிடம் சொல்லியிருக்கலாம். வாயைக்கூடத் திறந்தாள். ஆனால் அரங்கின் கதவு திறந்தது, சார் சிரித்துக்கொண்டே வெளியே வந்து அதிகாரியைக் கைகூப்பி அழைத்துக்கொண்டு உள்ளே போனார். அவள் பின்னாலேயே போனாள். உள்ளே சொன்னால் போதும் என்று தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானத்துக்குள்ளேயும் கோபம் பத்திரமாக உட்கார்ந்திருந்தது என்பது அவளுக்குத் தெரியும்.

கோல்டு நன்றாகத்தான் பேசினான். கைதட்டல் ஓயும்போது பயிற்சியின் தலைவர், ஒல்லியான வயதான பேராசிரியை, "கேள்விகள்?" என்றார். அவள் எழுந்தாள். கடைசிவரை காத்திருக்கவில்லை. அவளுடைய திட்டத்தில் மாறியது அது ஒன்றுதான்.

"முப்பது நாள் ஓட்டியிருக்கீங்க. ஒவ்வொரு நாளும் முதல் நோயாளி எத்தனை மணிக்கு வர்றார்னு காட்ட முடியுமா?"

கோல்டு சிரித்தான். தோழி உதவிக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தான்போலும். "தாராளமா" என்று வருகைப் பட்டியலைத் திரையில் திறந்தான்.

முதல் நாள், 8:03. இரண்டாம் நாள், 8:03. மூன்றாம் நாள், 8:03. அவன் விரல் பட்டியலை இழுத்துக்கொண்டே போனது, எங்கேயாவது ஒரு நாலு தென்படாதா என்பதுபோல். எட்டு மூன்று, எட்டு மூன்று, எட்டு மூன்று.

"யாருப்பா அது?" என்றார் நிர்வாக அதிகாரி. "எங்க டாக்டருங்களே அப்படி வர்றதில்லையே!"

அரங்கு சிரித்தது. பயிற்சித் தலைவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். "விதை எண்ணை எடுக்கலையா?" என்று மெதுவாகக் கேட்டார். அவ்வளவு மெதுவாகக் கேட்டதால் எல்லோருக்கும் கேட்டது.

"அது... சின்ன டெக்னிக்கல் விஷயம் மேடம்" என்று சார் எழுந்தார்.

"சரி, இப்ப ரெண்டு ஜன்னல் போதுமா, போதாதா?" என்றார் அதிகாரி.

அவள் நடந்துபோய், நான்காக மடித்திருந்த தாளைப் பிரித்து அதிகாரியிடம் கொடுத்தாள். "போதாது மேடம். மூணும் வேணும். தயவுசெய்து கையெழுத்துப் போடாதீங்க. அந்த அம்மாகிட்ட இன்னிக்கே சொல்லிடுங்க."

இந்தக் கணத்துக்காக எட்டு நாள் காத்திருந்தாள். கோல்டின் முகம் வெளுத்திருந்தது, சாரின் காது மடல்கள் சிவந்திருந்தன. எல்லாம் அவள் கற்பனை செய்துவைத்திருந்தபடியே இருந்தன. இனித்ததா? இனித்தது. இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் இனிப்புக்கு அடியில் நாக்கில் ஏதோ ஒன்று நெருடிக்கொண்டே இருந்தது.

பிற்பகல் இரண்டரைக்கு சார் கூப்பிட்டு அனுப்பினார். கோல்டு ஏற்கெனவே அங்கே நின்றிருந்தான், சுவரில் சாய்ந்து.

"ஏன் முன்னாடியே சொல்லல?" என்றான். "சார்தான் ஃபைல் குப்பையா இருக்கு, சுத்தம் பண்ணுன்னார். நான் பண்ணேன். நீ தினமும் காபி கொண்டுவந்து கொடுத்தியே கமா. அப்பல்லாம் தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் கேள்வியை அவளிடம் கேட்க உரிமையுள்ள ஒரே ஆள் மூன்றாம் ஜன்னலில் இருந்தார்.

"விடுப்பா, நடந்தது நடந்துபோச்சு" என்றார் சார். கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். அறிக்கையின் முதல் பக்கம். "உட்காரும்மா. நாலு மணிக்குள்ள திருத்திக் கொடுத்தா தொகுப்புல வரும்னு தலைவர் மேடம் சொல்லிட்டாங்க. வரியை எடுத்துட்டு ஓட்டிக்கலாம், அது ஒண்ணும் பெரிய வேலை இல்ல. ஆனா ஒரு விளக்கக் கடிதம் கேட்கறாங்க. கடிதத்துல மூணு பேரும் கையெழுத்துப் போடணும்."

கடிதத்தையும் நீட்டினார். அச்சாகி இருந்தது. பிழையைக் குழுவே முன்கூட்டிக் கண்டுபிடித்துவிட்டதாகவும், மாணவர்களுக்கு ஒரு பாடமாக இருக்கட்டும் என்று அரங்கில் கேள்வியாகக் கேட்க வைத்ததாகவும், கேள்வி கேட்டவர் குழுவின் முதன்மை ஆய்வாளர் என்றும் சொன்னது. அவளுடைய பெயர் எழுத்துப் பிழையில்லாமல் இருந்தது.

"உன் பேர் முதல்ல வரும். எனக்கும் முன்னாடி" என்றார். "மேற்படிப்புக்குச் சிபாரிசுக் கடிதமும் நானே தர்றேன். நல்ல கடிதமா. இது உனக்கு எவ்வளவு முக்கியம்னு எனக்குத் தெரியாதா? உன் பேரை நீயே டைப் அடிச்சுடும்மா."

திரையில், சாரின் பெயருக்கு முன்னால், ஒரு சிறிய கோடு மினுங்கி மினுங்கிக் காத்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள். விண்ணப்பத்தின் அந்தக் கட்டம் நினைவுக்கு வந்தது. அதை வெறுமையாக விட்டு அனுப்பினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். போன வருடம் அவள் கல்லூரி சீனியர் அக்காக்கள் மூன்று பேருக்கு ஆனதுதான், எங்கேயும் இடம் கிடைக்காமல் போனது. விரல்கள் தாமாகவே மேசை விளிம்புவரை போயின. அவற்றுக்கு அவளுடைய பெயரை அங்கே அடிக்க வேண்டும்போல் இருந்தது. அதை அவள் மறைத்துக்கொள்ளவில்லை, தன்னிடமிருந்துகூட.

கையெழுத்துப் போட்டால் அந்த எட்டு நாளும் யாரோ போட்ட நாடகமாகிவிடும். களவு போனதும் இல்லை, களவு கொடுத்தவளும் இல்லை. அவள் மூட்டிய நெருப்புகூட சாருடைய ஐடியாவாகிவிடும். தன் பெயரைத்தான் எடுத்துக்கொண்டார்கள். கோபத்தையும் எடுத்துக்கொடுக்க அவளுக்கு மனமில்லை. அது நல்ல பொருள் அல்லதான். ஒரு அம்மாவை அழவைத்த பொருள். இருந்தாலும் அவளுடையது, அதன் பழியும் அவளுடையது.

இந்த அறையில், இந்த மேசைக்கு முன்னால் சொல்வதற்கென்று ஒரு வாக்கியம் வைத்திருந்தாள். டைப்பிங் பற்றியது. நூறு தடவை கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தது. அது இப்போது நாக்கு நுனியில் வந்து நின்றது. அவள் அதை விழுங்கிவிட்டாள்.

சார் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார்.

அவள் பேனாவை வாங்கினாள். மூடியை மறுபடி மாட்டினாள். கடிதத்தின்மேல் நேராக வைத்தாள்.

"இல்ல சார்" என்றாள். "நான் போடல."

அவர் காரணத்துக்காகக் காத்திருந்தார். அவள் சொல்லவில்லை.